இரண்டு இருமல் எண்ணெய்

என் ரினோக் கண்ணுக்கு,

உன் மனைவி எர்சீலியா எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாலு கோழிகளும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்டால் பதில் வராது, ஆனாலும் கடிதம் என்றால் கேட்டே ஆகணும் என்று மூணாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நாலாம் வகுப்புக்கு நான் போகவில்லை, அதனால் செத்தவருக்கு எப்படி எழுதணும் என்று தெரியாது. இதையும் உன் கல்லறைப் பூச்சாடிக்கு அடியில்தான் வைப்பேன். போன கடிதத்தை நத்தை தின்றுவிட்டது.

ரினோ, செத்தும் நீ என் மானத்தை வாங்கிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் முற்றத்தில் ஆலிவ் எண்ணெய் ருசிக்கிற போட்டி. ஜெனோவாவிலிருந்து மூணு பேர் வந்தார்கள். நீலக் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, மூடி, மோந்து, அப்புறம் சர்ரென்று உறிஞ்சுகிறார்கள், சூப்பை அப்படி உறிஞ்சியிருந்தால் உன் அம்மா கரண்டியாலேயே போட்டிருப்பாள். ஜெயிக்கிறவர் பேரை எண்ணெய் ஆலைச் சுவரில் எழுதுவார்களாம். உன் பேர் அங்கே இருக்கணும், ஆலைக்குப் போகும்போதெல்லாம் நான் பார்க்கணும், அவ்வளவுதான் ஆசை. அதனால் நீ கடைசியாய் ஆட்டின எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன். நீ போய் பத்து மாசம், சமையலுக்கு ஒரு சொட்டு எடுக்கவில்லை.

அந்த மூணு பேரில் கண்ணாடி போட்ட அம்மா மோந்தாள், செத்த எலியைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பினாள். "காறிப்போச்சும்மா. இதை வாயில வைக்க முடியாது."

"உன் மூக்குதான் காறிப்போச்சு! இவரு எண்ணெய்க்கு வருஷா வருஷம் ரெண்டு இருமல் வரும், தெரியுமா?" என்று கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஒத்தாவியா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அடியே, ஊருக்கு வந்தவங்களை இருமச் சொல்லி அடிப்பியா?"

அவளுக்கு என்ன தெரியும். டஸ்கனியிலிருந்து கல்யாணமாகி வந்த புதுசில், "நல்ல எண்ணெய்னா இருமல் வரணும், எங்கப்பா எண்ணெய் தொண்டையைப் பிடிக்கும், உங்க எண்ணெய் வெறும் தண்ணி" என்று நான் உன்னைக் கேலி பண்ணினேன், அடுத்த வருஷமே புது எண்ணெயைக் குடித்து நீ ரெண்டு தடவை இருமினாய், "பார்த்தியா லியா, உங்கப்பன் தோத்தான்" என்றாய். அதிலிருந்து என் நாக்கை நான் நம்பவில்லை. நீ இருமினால்தான் ரொட்டியையே வெட்டுவேன்.

ஆலைக்கார ஆர்த்தூரோ கிட்டே வந்து மெதுவாய்க் கேட்டான். "டின்னைத் திறந்தீங்களாக்கா?"

"சமையலுக்குத் திறக்கவே இல்லை."

"சமையலுக்கான்னு நான் கேக்கலியே."

சொல்லிவிட்டேன், ரினோ. தினம் காலையில் மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்ப்பேன். உன் சட்டையெல்லாம் உன் தங்கச்சி துவைத்துவிட்டாள், எனக்கு வேறே எதில் உன் வாசம் இருக்கு?

"காத்து பட்டா கெட்டுடும்க்கா," என்றான். ஒத்தாவியா டின்னைத் தானே தூக்கிக்கொண்டு என்னோடு வீடு வரைக்கும் வந்தாள். அவள் பிறந்ததிலிருந்து இப்படி நடந்ததே இல்லை.

ஆகவே எனக்குப் புத்தி வந்துவிட்டது. அந்த எண்ணெயை நாளைக்கு ஒத்தாவியாவிடம் சோப்பு காய்ச்சக் கொடுத்துவிடுவேன். நாளைக்கே ஆலையில் அந்த ஜெனோவாக்காரர்கள் நம்ம புது எண்ணெயையும் ருசிக்கப்போகிறார்கள், நான் போகமாட்டேன், எனக்கு யார் இரும இருக்கிறார்கள்? கடிதமும் இதுதான் கடைசி. மாதா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். உன் அம்மாவை அங்கே பார்த்தால் கேட்டதாய்ச் சொல்லு, டின் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு, இனி எழுதாத
எர்சீலியா

பி.கு.: சோப்புக்குக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் மூடியைத் திறந்தேன். ஆலைக்கும் போனேன். கண்ணாடிக்காரி நம்ம புது எண்ணெயை உறிஞ்சி, "நல்ல எண்ணெய், ஒரு குறையும் இல்லை, பாதாம் மாதிரி மென்மை" என்றாள். "சரியா உறிஞ்சும்மா, ரெண்டு இருமல் வரணும்" என்றேன். ஆர்த்தூரோ சிரித்தான். "அக்கா, உங்க மரத்து எண்ணெய் சாது. எங்க தாத்தா காலத்துலேருந்து அதுக்கு யாரும் இருமினதில்லை." நானே ரெண்டு கரண்டி குடித்துப் பார்த்தேன். தொண்டையில் ஒன்றுமே இல்லை. நாற்பத்தோரு வருஷம், கண்ணில் தண்ணி வர வர, எதுக்குய்யா இருமினே?