தொரட்டி அக்காவும் பிடியில்லாத சாமான்களும்

நான் குடியிருந்த காலத்தில் மலேசியாவின் பண்டார் தெங்காராவில் தெருநாய்களும், மீட்டர் பார்க்க வருகிறவரும், ஓட்டுக் கேட்டு வருகிற பெரிய மனிதர்களும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்தார்கள். அந்த ஆளால் எழுந்து நிற்க முடியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெருவை ஆண்டவர் எங்கள் பக்கத்து வீட்டுத் தொரட்டி அக்கா.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு இது என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். குடிவந்த முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கூச்சத்தில் கேட்காமல் விட்டேன். அதற்கப்புறம் கேட்டால் மரியாதையாக இருக்காதே!

தொரட்டி என்றால் மாங்காய் பறிக்கிற கம்புதான். நீளமான மூங்கில், நுனியில் வளைந்த கம்பி. சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் ஓய்ந்துபோன அக்காவுக்கு அதுதான் கை, அதுதான் கால். அதை வைத்து விசிறியைப் போடுவார், கொடியில் துணி எடுப்பார், திரைச்சீலையை இழுத்துவிட்டு ஊர் பார்ப்பார். ஒருமுறை தண்ணீர் வடிகட்டும் சாதனம் விற்க ஒருவர் வந்தார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் பேசிக்கொண்டே இருந்தார். தொரட்டி மெதுவாகப் போய் அவருடைய டையில் மாட்டிக்கொண்டது. “பேசி முடிச்சிட்டியா? இப்ப நான் பேசுறேன், நீ கேளு” என்றார் அக்கா. பாவம், அந்த மனிதர் அக்காவின் மூலவியாதிக் கதையிலிருந்து தம்பி பெண்டாட்டி கதை வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்.

காலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் தொரட்டியால் தட்டுவார். டொக், டொக். “ஏ வாயில்லாப்பூச்சி, எழுந்திட்டியா?” என்று அர்த்தம். நான் பதிலுக்கு ஒரு தட்டு தட்டுவேன். என்னைப் போன்றவளுக்கு அந்தப் பாஷை வசதியாக இருந்தது.

அக்காவுக்குச் சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு தம்பி உண்டு. நல்ல மனிதர். காடியில், அதாவது காரில், வந்து இறங்கும்போதெல்லாம் ஒரே பல்லவிதான்.

“தனியா இருந்தது போதும்கா. கூலாய்ல நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்.”

“டேய், சாமான் வாங்கி, சமைச்சு, நானே சாப்பிடுற வரைக்கும் இந்த வீடுதான். என்னைக்கு அது முடியலையோ, அன்னைக்கு நீ சொல்லவே வேணாம். நானே உன் காடியில ஏறி உட்கார்ந்துக்குவேன்.”

சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் பிறகு வந்த பை விஷயம் என்னைப் பயமுறுத்தியது.

அக்கா போனிலேயே கடையில் சாமான் சொல்லிவிடுவார். டெலிவரிக்காரர் மோட்டாரில் வந்து, கேட்டுக்கு உள்ளே பைகளை வைத்துவிட்டுப் போவார். வீட்டுக் கதவுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. நாற்காலி அதில் இறங்காது. குனிந்தால் கவிழ்ந்துவிடும். ஆனால் தொரட்டி போகும். பையின் பிடியில் கம்பியை மாட்டி ஒரு இழுப்பு, பை மடிக்கு வந்துவிடும். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதுபோல அவ்வளவு அழகாக இருக்கும்.

ஒரு நாள் கடைக்காரர்களுக்குப் பூமியின் மேல் பாசம் வந்துவிட்டது. இனிமேல் டெலிவரிக்குப் பை கிடையாது என்றார்கள்.

பாசம் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருச் சாக்கடையான லோங்காங்கில் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொண்டு கிடப்பதும் பிளாஸ்டிக்தான், எனக்குத் தெரியும். ஆனால் அதே கடையில் ஒவ்வொரு பேரிக்காய்க்கும் ஒரு வலைச் சட்டை. ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் தனி அறை. வெள்ளரிக்காய்க்குக்கூட மேலே பளபளவென்று ஒரு தோல். அதெல்லாம் பூமியை ஒன்றும் செய்யாதாம்! தூக்குவதற்குப் பிடி வைத்த அந்த ஒரு பைதான் உலகத்தைக் கெடுத்ததாம்!

முதல் நாள் டெலிவரிக்காரர் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் கொண்டு வந்தார். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார். போட்டோ எடுத்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா கதவைத் திறந்து பார்த்தால் வாசலில் சந்தை விரித்திருக்கிறது. அரிசி, முட்டை, மீன், வெங்காயம், சோப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில், மணமேடையில் மாப்பிள்ளைபோல, பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பர் பாக்கெட்.

எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். பார்க்காததுபோல் பார்த்தார்.

“என்ன பாக்குறீங்க? டயப்பர்தான்! உங்களுக்கும் நாள் வரும்லா, அப்ப எது நல்லதுன்னு எங்கிட்டதான் வந்து கேக்கணும்!”

தெருவே சிரித்தது. ஆனால் அன்று சாயந்திரம் அக்கா வாசலுக்கு வரவில்லை. வானொலிகூடப் போடவில்லை. அவர் வாங்குகிற சாமான் அவரோடு இருந்திருக்க வேண்டியது. அதை ஊருக்குக் காட்ட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

சாயந்திரத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் தொரட்டியை வைத்து எடுத்துப் பார்த்திருந்தார். வெங்காயத்துக்கு ஏது பிடி? உருண்டு உருண்டு லோங்காங்குக்குப் போனது. முட்டை அட்டையை இழுத்ததில் படி முழுக்க மஞ்சள். மீனை ஒரு பூனை, பில் இல்லாமலே, டெலிவரி எடுத்துக்கொண்டது. நான் ஓடிப்போய் மிச்சத்தைப் பொறுக்கினேன்.

“வை கீழ” என்றார் அக்கா.

“நான் எடுத்துத் தர்றேங்கா...”

“இன்னைக்கு எடுப்ப. உன் முட்டி இப்பவே கிரீச்சுன்னு சத்தம் போடுது. நாளைக்கு உன் மகன் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டா? அப்ப நான் பூனைகிட்ட வேண்டிக்கணுமா?”

கடைக்குப் போன் போட்டார். தமிழ்ப் பெண்தான் எடுத்தாள். சத்தமாக வைத்ததால் எனக்கும் கேட்டது.

“ஆன்ட்டி, நீங்க சொந்தப் பை பயன்படுத்தலாமே.”

“நல்லதும்மா. எப்படிக் குடுக்கிறது?”

“கடைக்கு வர்றப்போ கொண்டு வாங்க.”

“கடைக்கு வர முடிஞ்சா டெலிவரி எதுக்கும்மா?”

“டெலிவரின்னா பை கிடையாது ஆன்ட்டி.”

“சரி, பை வேணும்னா?”

“கடைக்கு வரணும்.”

“வர முடியலன்னா?”

“அதான் டெலிவரி இருக்கே ஆன்ட்டி!”

அக்கா போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அலமாக்! இந்தப் பொண்ணுக்கு டை இருந்தா இந்நேரம் மாட்டியிருப்பேன்” என்றார்.

என் பழைய கைலியில் அகலமான பிடி வைத்து நானே ஒரு பை தைத்தேன். டெலிவரிக்காரர் அதில் போட்டு வைக்கட்டும் என்று கேட்டில் மாட்டினோம். பழைய பேப்பர் வாங்குகிற லோரி, ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே வந்து, பழைய துணி என்று அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று தைத்தேன். இந்த முறை டெலிவரிக்காரர் கையை விரித்தார். சாமான் ஒவ்வொன்றும் போட்டோவில் தெரியவேண்டுமாம். பைக்குள் போட்டால் கம்பெனி ஒத்துக்கொள்ளாதாம். மீசை வைத்த, பிள்ளைகுட்டிக்கார மலாய்க்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தபோது டெலிவரி வந்தது. தரையில் கடை விரிக்கப்பட்டது. தம்பி அதைப் பார்த்தார். படியைப் பார்த்தார். அக்காவின் மடியில் கிடந்த தொரட்டியைப் பார்த்தார்.

“எப்படிக்கா இதையெல்லாம் எடுக்கிற?”

அக்கா தொரட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“முடியலல்ல?” என்றார் தம்பி. மெதுவாகத்தான் சொன்னார்.

டெலிவரிக்காரர் காலிக் கூடையை எடுக்கத் திரும்பினார். சர்ரென்று ஒரு சத்தம். கூடையின் கைப்பிடியில் தொரட்டி மாட்டியிருந்தது. ஒரே இழுப்பு. கூடை படியேறி, வாசல் தாண்டி, நாற்காலிச் சக்கரத்தில் வந்து முட்டி நின்றது.

“மக்சிக்! கூடை கம்பெனியோடது!” என்று மலாயில் கத்தினார் அவர். மக்சிக் என்றால் பெரியம்மா.

“நானும் இந்தக் கம்பெனியோட கஸ்டமர்தான். என்னையும் தூக்கிட்டுப் போ!”

அவர் கெஞ்சினார். அக்கா கூடைமேல் தொரட்டியை ஊன்றிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். மேலதிகாரி ஒரு சீனப் பெண்மணி. வாடிக்கையாளர் கூடையைத் திருடிவிட்டார் என்றால் யார் நம்புவார்கள்? சாட்சி வேண்டுமே என்று பாவி மனிதர் போனை என் கையில் திணித்துவிட்டார்.

மளிகைக் கடையில் உப்புக் கேட்கவே நான் பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகிறவள். ஆறாம் வகுப்போடு நின்றவள். என் மலாய் எப்படி இருக்கும்? ஆனால் தம்பியின் காடி கதவு திறந்தே கிடந்தது. அதைப் பார்த்ததும் எங்கிருந்தோ கோபம் வந்தது.

“அந்தப் பிடி இருக்கே, அது இவங்க கை” என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன்.

“ஹா? அப்பா?” என்றது போன். என்ன என்று கேட்கிறாள்.

“தாங்ஙான் டியா! இத்து தாங்ஙான் டியா!” அவங்க கை, அது அவங்க கை. “நீங்க பையை எடுக்கல. கையை எடுத்துட்டீங்க!”

சொல்லிவிட்டுப் போனைச் சூடுபட்டதுபோல் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அக்கா சொன்னார்: “டேய் தம்பி, பாத்தியா? வாயில்லாப்பூச்சிக்கு வாய் முளைச்சிருச்சு!”

மேலதிகாரி என்ன சொன்னாளோ தெரியாது. மீசைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு தரையில் கிடந்ததையெல்லாம் அவரே பொறுக்கி அந்தக் கூடைக்குள் போட்டார். டயப்பரை அடியில் வைத்தார். அதை நான் கவனித்தேன். அடுத்த முறை சாமானோடு வேறு கூடை கொண்டு வந்து வைத்துவிட்டு, இந்தக் காலிக் கூடையை எடுத்துப் போவதாகச் சொன்னார். காலி கேஸ் தோம்பைக் கொடுத்துவிட்டுப் புது சிலிண்டர் வாங்குகிற மாதிரி. அன்றைக்குத் தம்பியின் காடி வந்தபடியே, ஒரே ஆளோடு திரும்பிப் போனது.

கடையின் விதி மாறியதா என்று கேட்காதீர்கள். மாறவில்லை. மீசைக்காரர் லீவு போட்டால் மறுபடியும் வெங்காயம் லோங்காங்கில்தான். ஒரு மனுஷி சொந்த வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பது ஒரு டெலிவரிக்காரரின் நல்ல மனதில் தொங்குகிறது. பூமியைக் காப்பாற்றப் போகிறவர்கள் விதி எழுதும்போது ஒரு படியையும் ஒரு நாற்காலியையும் நினைத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

கடைசியில் தெருவை விட்டுப் போனது தொரட்டி அக்கா இல்லை. நான்தான். முட்டி மடக்க முடியாமல் போனதும் என் மகன் வந்து ஜோகூர் பாருவில் மாடி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். இங்கே பக்கத்துச் சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

அக்கா காலையில் போன் போடுவார். போனில் பேச எனக்கு இன்னமும் கூச்சம் என்று அவருக்குத் தெரியும். அதனால் பேச மாட்டார். எடுத்துக் காதில் வைத்தால் டொக், டொக் என்று கேட்கும். நான் மேசையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வைத்துவிடுவேன்.

அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் நான் காப்பி குடிப்பதில்லை.