பஸ்ஸைக் காப்பாற்றக் காரில் வந்தவர்கள்

"அரசாங்கத்திட்டை ஒண்டு கேக்கப் போறதெண்டால், போட்டுக்கொண்டு போற சட்டை…" என்று பெரியப்பா அடிக்கடி சொல்லுவார். கிழிஞ்ச சட்டையோடு போகச் சொன்னாரா, நல்ல சட்டையோடு போகச் சொன்னாரா என்பதுதான் இப்போது ஞாபகமில்லை. பெரியப்பாவும் இல்லை, கேட்டுப்பார்க்க.

அன்றைக்கு எனக்கிருந்த வேலை இவ்வளவுதான்: பெரியம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி, ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது.

பெரியம்மா ஒஸ்லோவின் ஓரத்துக் குரோருட்டில், மேட்டில் இருக்கிற மாடிக்கட்டடம் ஒன்றில் தனியே இருக்கிறா. அந்த மேட்டுக்கு ஒரு சின்னப் பஸ் ஏறி இறங்கும். வைத்தியரிடம், மரக்கறிக் கடைக்கு, ரயிலடிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். ஆட்கள் ஏறுவது குறைவு, நிறுத்தலாம் என்று நகரசபையில் ஒரு யோசனை வந்திருந்தது; அதுபற்றி மேட்டுச் சனத்தின் கருத்தைக் கேட்கத்தான் அந்தக் கூட்டம். பனிகாலத்தில், சத்திரசிகிச்சை செய்த முழங்காலோடு அந்த மேட்டில் நடப்பதென்றால், அது நடையில்லை, சறுக்கல்.

பெரியம்மாவின் மகன் சுதன் எனக்குத் தம்பி முறை. ஒஸ்லோவுக்கு வெளியே, லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கிறான். "பஸ் நிண்டா என்னம்மா? எங்களோடை வந்திருங்கோவன்" என்றான்.

பெரியம்மாவுக்கு அது சரிவராது. "அங்கை உப்பு முடிஞ்சாலும் உன்ரை காருக்கெல்லே பார்த்துக்கொண்டிருக்க வேணும்? நான் இஞ்சைதான் இருப்பன்."

ஆக, பஸ் போனால் பெரியம்மாவின் தனிக்குடித்தனமும் போச்சு.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். பள்ளிக்கூடத்தைத் தமிழில் தொடங்கி நோர்வேஜியனில் முடித்துவிட்டு, ஸ்கொட்லாந்துக்குப் போய், அங்கே ஒரு நகரசபையில் போக்குவரத்துப் பகுதியில் வேலை செய்தவன். மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிற கூட்டங்களை ஒழுங்கு செய்வதுதான் என் தொழிலே. போன வருடம்தான் ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்தேன். வந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால், "ஸ்கொட்லாந்திலை எப்பிடியெண்டால்…" என்றுதான் தொடங்குவேன். பெரியம்மாவின் கூட்டாளிகள் என் பேரையே மறந்துவிட்டார்கள். "ஸ்கொட்லாந்து வருகுது, தேத்தண்ணியை ஊத்துங்கோ" என்பார்கள்.

"உதெல்லாம் என்னட்டை விடுங்கோ" என்றேன்.

கூட்டத்தைக் கூட்டுகிற பிரதேசக் குழுவில் இருக்கிற ஹில்ட என்ற பெண்மணியோடு கதைத்தேன். "கூட்டத்துக்கு நீங்களும் அந்தப் பஸ்ஸிலேயே வாருங்கள். யார் யார் அதில் ஏறுகிறார்கள் என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்" என்றேன். நல்ல யோசனை என்றா. பிறகு மேட்டிலிருக்கிற நம்முடைய பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்தேன்.

"பெரிய கூட்டம். அரசியல் ஆக்கள் வருகினம். எல்லாரும் அவரவர் தரிப்பிலை நிண்டு பஸ் ஏற வேணும். பஸ் நிரம்ப வேணும்!"

"ஓம் தம்பி, ஓம் ஓம்" என்றார்கள் எல்லாரும். அந்த மூன்றாவது 'ஓம்'மிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்று காலை தரிப்பில் நானும் பெரியம்மாவும் மட்டும். குளிர் அங்கிக்குக் கீழே பட்டுச்சேலை மினுங்கியது.

"என்ன பெரியம்மா, கலியாணத்துக்கே போறியள்?"

"பின்னை? பெரிய கூட்டமெண்டு நீதானே சொன்னனீ!"

பஸ் வந்தது. முன் இருக்கையில் ஹில்ட. அவவுக்குப் பின்னால் வெறும் இருக்கைகள்.

"அடுத்த தரிப்பில் ஏறுவார்கள்" என்றேன், புன்னகையோடு.

அடுத்த தரிப்பில், எனக்கு 'ஓம் ஓம்' சொன்னவர்களில் ஒருவரான கனகர் மாமா நிற்க வேண்டும். அங்கே ஒரு குப்பைத்தொட்டிதான் நின்றது. தொலைபேசி எடுத்தேன்.

"மாமா, எங்கை நிக்கிறியள்?"

"நான் மண்டபத்துக்கு வந்திட்டன் தம்பி! பெரிய கூட்டமெண்டு சொன்ன உடனை மகள் வேலைக்குப் பிந்திப் போறனெண்டு சொல்லிப்போட்டுக் காரிலை கொண்டுவந்து விட்டவள். தங்கமான பிள்ளை. நீர் இன்னும் வரேல்லையே?"

"உங்கள் ஆட்கள்?" என்று ஹில்ட கேட்டா.

"அடுத்த தரிப்பு" என்றேன்.

அடுத்த தரிப்பிலும் அதே கதை. மருமகன் கொண்டுவந்து விட்டாராம். அதற்கடுத்ததில் பேத்தியாம். மேடு முழுவதும் பிள்ளைகள் அன்றைக்கென்று பார்த்துப் பொறுப்பாகிவிட்டார்கள்!

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. நோர்வேயில் யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, நம்முடைய ஆள்தான். பஸ் நின்றதும் சுதன் ஓடிவந்து கதவில் நின்றான்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? அம்மாவைப் பஸ்ஸிலையோ கூட்டிக்கொண்டு போறியள்?"

"டேய், இது பஸ்ஸுக்கான கூட்டமடா!"

"எதுக்கான கூட்டமெண்டாலும், எல்லாருடைய பிள்ளையளும் கொண்டுவந்து விடேக்கை, என்ரை அம்மா மட்டும் பஸ்ஸாலை இறங்கினா கனகர் மாமா என்ன கதைப்பார்? இறங்குங்கோ அம்மா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

பெரியம்மா என்னைப் பார்த்தா. மகனைப் பார்த்தா. "பாவமெடா, வேலைக்குப் போறவன் சுத்தி வந்திருக்கிறான். மனம் நோகும்" என்று சொல்லி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டா.

கார் எங்களை முந்திக்கொண்டு போனது.

"யார் அது?" ஹில்ட கேட்டா.

"மகன்."

"அம்மாவுக்கு ஏதும் அவசரமா?"

"இல்லை. அன்பு."

இப்போது பஸ்ஸில் ஹில்டவும் நானும் சாரதியும். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

"ஸ்கொட்லாந்தில் அறுபது வயதானால் பஸ் இலவசம்."

ஹில்ட வெற்று இருக்கைகளை ஒருமுறை பார்த்தா. "அங்கே ஆட்களும் ஏறுவார்களா?"

மண்டப வாசலில் ஆட்களை இறக்கிவிடுகிற கார்களின் வரிசை. உள்ளே முன்வரிசை முழுக்க நம்முடைய ஆட்கள். பட்டுச்சேலை, கோட்டு, பவுடர். பஸ் இல்லாமல் அல்லாடுகிற சனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருந்தார்கள்.

கூட்டம் தொடங்கியது. ஹில்ட எழுந்து, மிகவும் மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி கேட்டா. "இன்று பஸ்ஸில் வந்தவர்கள் கை உயர்த்த முடியுமா?"

என் கை மட்டும் உயர்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். கனகர் மாமா எழுந்துவிட்டார். இத்தனை வருடமாகச் சேமித்து வைத்திருந்த நோர்வேஜியன் முழுவதையும் அன்றைக்கே செலவழித்தார்.

"எங்கள் பிள்ளைகள் மிக நல்லவர்கள். எங்களைப் பஸ்ஸில் விடமாட்டார்கள்!"

முன்வரிசை பெருமையோடு தலையாட்டியது.

எத்தனையோ கருத்துக் கேட்கிற கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். தன் பக்கத்துக்கே தானே கோல் போட்டுவிட்டுக் கைதட்டுகிற கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன். அதை ஒழுங்கு செய்தவனும் நானே!

கூட்டம் முடிந்தது. ஒரு மூலையில் ஆறிப்போன கோப்பியோடு உட்கார்ந்து, லோறென்ஸ்கூக்கில் உப்புக்குக் காத்திருக்கிற பெரியம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளியே வந்தால், பஸ் தரிப்பில் ஒரு கூட்டம். பட்டுச்சேலைகள், கோட்டுகள், கனகர் மாமா பிடித்துக்கொண்டு நடக்கிற நாலு சில்லுத் தள்ளுவண்டி.

"என்ன இஞ்சை நிக்கிறியள்? பிள்ளையள் எங்கை?"

"அவையள் வேலைக்குப் போட்டினம்" என்றார் கனகர் மாமா, இதைக்கூடவா கேட்பது என்கிற மாதிரி. "வீட்டை போறதுக்குப் பஸ் இருக்குத்தானே?"

"அப்ப உள்ளுக்கை ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அவ எப்பிடி வந்தனீங்கள் எண்டுதானே கேட்டவ. எப்பிடிப் போவியள் எண்டு கேக்கேல்லையே!"

பெரியம்மா என் கையைப் பிடித்தா. "வைத்தியரிட்டைப் போறதும் பஸ்ஸிலைதான், கடைக்குப் போறதும் பஸ்ஸிலைதான். கூட்டமெண்டால் அது விசேசமெல்லே? விசேசத்துக்குத்தான் பிள்ளையள் கார் கொண்டு வருவினம்."

ஹில்ட பின்னால் நின்றா. என்ன கதை என்று கேட்டா. அப்படியே மொழிபெயர்த்தேன்.

பஸ் வந்தது. சாரதி யாரும் கேட்காமலே பஸ்ஸைச் சரித்து, தள்ளுவண்டிக்குப் பலகையை இறக்கினார். பெரியம்மாவைப் பார்த்து, "இன்று மரக்கறிப் பை இல்லையா?" என்றார். அவ உட்காரும்வரை பஸ்ஸை எடுக்கவில்லை. ஹில்டவுக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. கனகர் மாமாவின் வண்டி அவவின் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது. பரமேசு அன்ரி ஒரு வடையை எடுத்து அவவின் கையில் வைத்தா. அது எந்தப் பைக்குள் இருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது.

மேட்டின் உச்சியில் இறங்கும்போது ஹில்ட சொன்னா: "நான் பார்த்ததைச் சொல்லுவேன். ஆனால் முடிவெடுப்பது நகரமண்டபத்தில், அடுத்த மாதம். இவர்கள் எல்லாரும் அங்கே வர வேண்டும். தயவுசெய்து, பஸ்ஸில்."

அடுத்த மாதம் ஒருவரிடமும் கூட்டமென்று சொல்வதில்லை, மரக்கறி வாங்கப் போகிறோம் என்று சொல்வது என்று முடிவெடுத்தேன்.