காதுகுத்துக்குப் போன ஐஸ்கிரீம்

குளிர்ந்த பொருளை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு உடம்பு முழுக்கக் கொதிக்கும். மீனோ, உறைந்த பட்டாணியோ, எதுவாக இருந்தாலும் பெட்டிக்குள் அது பாட்டுக்குச் சுகமாகத் தூங்கும். முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவன்தான் வெந்து சாவான். இன்று எனக்கு மூன்று வண்டிகள் இருக்கின்றன, தலையில் முடிதான் இல்லை. (வண்டி வந்துச்சு, முடி போச்சு. கணக்கு சரியாப் போச்சு.) அந்த முடி எந்த ஞாயிற்றுக்கிழமை கொட்ட ஆரம்பித்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று வீரம் வந்து அதை விட்டுவிட்டு ஒரு சின்னக் குளிர்சாதன வண்டி வாங்கினேன். அதே சமயம் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் கலைச்செல்வி, ஊர் தவளக்குப்பம். அவளுக்கு என்னைப் பிடித்துவிட்டது. எனக்கு அவளை அதைவிட அதிகமாகப் பிடித்துவிட்டது. இடையில் நின்றவர் அவளுடைய அப்பா. ஜங்ஷனில் பம்புசெட் கடை வைத்திருந்தார்.

"மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலைய வுட்டுட்டு ஐஸ் வண்டி ஓட்டுறேன்றியே தம்பி, இது நெலைக்குமா?"

"நெலைக்கும் மாமா." (பெண் கொடுப்பதாக இன்னும் சொல்லவேயில்லை. அதற்குள் மாமா.)

"வர்ற ஞாயித்துக்கெழம எம் பெரிய பொண்ணோட புள்ளைக்குக் காதுகுத்து. ஐஸ்கிரீம் நீயே கொண்டா. பாத்துட்டு அப்புறமா தட்டு மாத்துறதப் பத்திப் பேசலாம்."

ஆக, என் கல்யாணம் மொத்தமும் காகித மூடி போட்ட வெனிலா கப்புகளின் கையில் இருந்தது. அவை கல்லு மாதிரி போய்ச் சேர்ந்தால் எனக்குக் கலை. இளகிப் போனால் மின்துறையில் வேலை பார்க்கும் ஏதோ ஒரு மாப்பிள்ளைக்குக் கலை. அப்படி ஒரு மாப்பிள்ளை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. பயத்தில் நானே ஒருவனை உண்டாக்கி, அவனுக்கு மீசையும் வைத்துவிட்டிருந்தேன்.

வண்டியைக் கொடுத்த மெக்கானிக் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "வழியில கதவத் தொறக்காத. போன குளிரு திரும்ப வராது." அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை சேதராப்பட்டில் ஐஸ்கிரீம் அட்டைப் பெட்டிகளை ஏற்றிக் கதவைச் சாத்தியபோது, ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த சின்னத் திரை மைனஸ் பதினெட்டு காட்டியது. அதன்பிறகு ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட அந்தத் திரையைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

எங்கள் வீடு முருங்கப்பாக்கம், போகிற வழிதான். அங்கே அம்மா எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், சாம்பிராணி எல்லாவற்றோடும் தெருவில் தயாராக நின்றாள்.

"மொத மொதல்ல லோடு ஏத்திக்கினு போற வண்டி. பூச போடாம போவியா?"

"வெளிய மட்டும் போடும்மா. கதவு பக்கம் போவாத."

"சரிடா, நீ போயி நாலு இட்லி சாப்பிடு. நல்ல காரியத்துக்கு வெறும் வயித்தோட போவக் கூடாது."

இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டு ஓடிவந்தேன். அம்மா பக்கத்து வீட்டில் ஏதோ வாங்கப் போயிருந்தாள். 'அப்பாடா, பூசை முடிந்தது' என்று வண்டியை எடுத்துவிட்டேன். எலுமிச்சம்பழங்கள் சக்கரத்தின் கீழ் ஒழுங்காக நசுங்கின. கண்ணாடியில் பார்த்தால், அம்மா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடிவருகிறாள். வழியனுப்ப இந்த ஓட்டமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு முறை ஹாரன் அடித்துப் பாசத்தைக் காட்டிவிட்டு வேகம் எடுத்தேன்.

அடுத்த நிமிஷமே போன் அடித்தது. அம்மாதான். எடுத்தால் தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா என்று கேட்பாள், அதனால் போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும் எடுக்கவில்லை.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். மைனஸ் பதினாறு.

அரியாங்குப்பம் வருவதற்குள் மைனஸ் பதினான்கு. முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்கு முன்னால் ஒரு மணல் லாரி, இரண்டும் நகர்வதாக இல்லை. மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது, குளிர் மட்டும் எங்கேயோ போகிறது. மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய் என்றேன். திரை அசையவில்லை. பதினொரு தேங்காய் என்றேன். அதற்கும் அசையவில்லை. என் தலைக்கு மேல் ஓடிய குட்டி ஃபேனை நிறுத்தினேன், எனக்கு வரும் காற்று மிச்சமானால் அது பெட்டிக்குப் போகும் என்று. (சிரிக்காதீங்க. அந்த நேரத்துல அது சரியாத்தான் பட்டுச்சு.)

கதவைத் திறந்து ஒரே ஒரு கப்பை மட்டும் அமுக்கிப் பார்த்தால் என்ன என்று கை துடித்தது. இறங்கிப் பின்னால் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். மெக்கானிக்கின் குரல் கேட்டது. கையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மீசைக்காரன் என் மனசுக்குள் கலைக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தவளக்குப்பம் நெருங்கும்போது திரை மனமிறங்கி மைனஸ் பதினாறுக்குத் திரும்பியது. மண்டப வாசலில் மாமா சொந்தக்காரர்கள் சூழ நின்றிருந்தார். கலை கொஞ்சம் தள்ளி, கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் வாயில் வந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வெள்ளையாகப் புகை வந்தது. குளிர்ப் புகை என்றால் கீழே இறங்கும். இது மேலே ஏறியது, கமகமவென்று ஏறியது. மண்டபமே வெள்ளிக்கிழமை சாயங்காலமாகிவிட்டது. பெண்கள் இரண்டு பேர் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உள்ளே, ஐஸ்கிரீம் பெட்டிகளின் நடுவே, தணல் அணையும் தறுவாயில் எங்கள் வீட்டுத் தூபக்கால் உட்கார்ந்திருந்தது.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்து, "வண்டிக்குள்ள தூபக்கால் இருக்குதும்மா" என்றேன்.

"அதத்தான்டா அப்போலேர்ந்து சொல்ல வர்றேன். வீட்ல சாம்பிராணி போட்டா பொக தங்கட்டும்னு கதவ சாத்துறதில்லையா? அப்படி சாத்திட்டு கற்பூரம் ஏத்த தீப்பெட்டி வாங்கப் போனேன், நீ பாட்டுக்கு ஓடிட்ட."

"உள்ள எதுக்கும்மா வெச்ச?"

"பொருளு உள்ளதான இருக்குது. வெளிய இருக்குற தகரத்துக்கா பூச போடுவாங்க?"

போனை வைத்துவிட்டுத் தூபக்காலைத் தூக்கி வெளியே வைத்தேன்.

ஐஸ்கிரீம் என்னவோ கல்லு மாதிரிதான் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கலையின் பெரிய தாத்தா முதல் கப்பை எடுத்து, ஒரு வாய் போட்டு, கண்ணை மூடினார்.

"பிரான்சுல அத்தன வருஷம் இருந்தேன். இந்த ருசிய அங்ககூட நான் பாத்ததில்ல."

அது பாராட்டா, சாபமா என்று யாருக்கும் புரியவில்லை. இன்னொருவர், "கற்பூரம் காட்டிட்டு சாப்பிடணுமா?" என்று கேட்டார். காது குத்திய வலியில் அழுதுகொண்டிருந்த குழந்தை, ஒரு வாய் ஊட்டியதும் இன்னும் பலமாக அழுதது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றேன். கலை மட்டும் வந்து ஒரு கப்பை எடுத்தாள். அப்பாவைப் பார்த்தபடியே, முகத்தைக் கொஞ்சமும் சுளிக்காமல், அடிவரை வழித்துச் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். இவள் இல்லாமல் எனக்கு வாழ்க்கை இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மாமா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவோரத்து ரப்பரை விரலால் நீவிப் பார்த்தார்.

"முருங்கப்பாக்கத்துல போட்ட பொகையா இது?"

"ஆமா மாமா."

"வழியில எங்கியும் தொறக்கலியா?"

"தொறக்கல மாமா. உயிரே போச்சு, ஆனா தொறக்கல."

அவர் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். "இத்தினி வருஷமா பம்பு விக்கிறேன். தண்ணி ஒழுவாத பைப்ப நான் பாத்ததில்ல. இவன் பொகையவே ஒழுவாம கொண்டாந்திருக்கான்." பிறகு கலையின் அம்மாவிடம், "தட்டு மாத்துறதுக்கு நாள் பாக்கச் சொல்லி தம்பியோட அம்மாகிட்ட பேசு. தூபக்கால மட்டும் எடுத்துக்கினு வர வேணாம்னு சொல்லிடு" என்றார்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் எங்கள் இரு குடும்பத்திலும் ஐஸ்கிரீம் கப்பை யாரும் நேராக வாயில் வைப்பதில்லை. மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கு, பிறகுதான் ஸ்பூன். மாமா இதை ஒரு சடங்கு மாதிரி பேரப் பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டார்.

போன மாதம் லாஸ்பேட்டையில் ஒரு பிறந்தநாள் வீடு. என் மகளும் போயிருந்தாள். கப்பைத் திறந்து நன்றாக முகர்ந்து பார்த்தவளிடம், அந்த வீட்டு அம்மா பதறிப்போய், "ஏம்மா, கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி, நல்லா இருக்கு. எங்க அப்பா வண்டியில வந்ததான்னு பாத்தேன்."

அந்த ஐஸ்கிரீமைச் சற்றுமுன் இறக்கிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்த நான், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.