புதுக் கம்பெனிக்கு அப்பா சொன்ன உண்மை

இதைப் படித்து முடிக்கும்போது நீங்கள் சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் எங்கள் கூடத்துக்கு வந்து, தலையைத் தூக்கி, கூரையில் இருக்கும் ஓட்டையைப் பார்க்க வேண்டும். அங்கே நின்று சிரிக்க முடியாது. வாயைத் திறந்தால் சுண்ணாம்பு விழும்.

மாடிக் குளியலறையில் குழாய் உடைந்ததால் வந்த ஓட்டை அது. ஒரு ஆள் தாராளமாக எட்டிப் பார்க்கலாம். சரியாக அம்மாவின் தையல் மெஷினுக்கு மேலே. அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். மெஷினை நகர்த்தலாமே என்பீர்கள். ஒரு பக்கம் துணி வெட்டும் மேஜை. இன்னொரு பக்கம் அப்பாவின் சாய்வு நாற்காலி. அது நகராது, அதில் அப்பா இருப்பதால். ஆகவே அம்மா தலையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்களுக்குச் சட்டை தைக்கிறாள்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. க்ளெய்ம் போட்டாயிற்று. சர்வேயர் ஒருவர் நேரில் வந்து, ஓட்டையைப் பார்த்து, ஆமாம் இது ஓட்டைதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இருபத்தாறு நாளாக அவர் வந்துகொண்டே இருக்கிறார்.

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்களா? அதுவும் வந்துகொண்டிருக்கிறது. சர்வேயருக்கு முன்னால் வந்துவிடும்.

இருபத்தாறாம் நாள் மாலை அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்தாலே வீட்டுக்கு ஆபத்து.

"முடிவு பண்ணிட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியை மாத்தறேன்."

"க்ளெய்ம் நடந்துக்கிட்டு இருக்குங்க," என்றாள் அம்மா.

"எங்க நடக்குது? படுத்துத் தூங்குது."

"நிலுவையில ஏதாவது க்ளெய்ம் இருக்கான்னு புதுக் கம்பெனியில கேப்பாங்களே."

"கேப்பாங்க. இல்லைன்னு சொல்வேன்."

"இங்கேருந்து பாத்தா மாடி பக்கெட்டோட அடி தெரியுது."

"அவங்க ஃபோன்லதானே கேக்கறாங்க. ஃபோன்ல பக்கெட் தெரியாது."

"பொய் சொல்லி எடுத்த பாலிசி எதுக்கு ஆகும்? நாளைக்கு வீடே பத்திக்கிட்டாலும், அன்னைக்குப் பொய் சொன்னீங்களேன்னு கையை விரிச்சிடுவாங்க. பழசும் போயிருக்கும், புதுசும் போயிருக்கும். நானும் மெஷினும் தெருவுல நிக்கணும்."

"இலவசமா ஒரு குடை தர்றாங்க."

"வீட்டுக்குள்ள பிடிக்கவா?"

அப்பா வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை சரிசெய்தவர். எதிரில் இருப்பது அம்மா என்றால் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மங்கல்.

ஏற்பாடு இதுதான். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் புதுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்துக் கேள்விகள் கேட்பாள். எல்லாம் பதிவாகும். அதில் தேறியதும், பழைய கம்பெனிக்கு 'உங்கள் சகவாசம் போதும்' என்ற கடிதம் போகும். கடிதத்தை அப்பா அன்றைக்கே எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, ஃபிரிட்ஜ் தலையில் வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வரி. என் பட்டப்பெயர் ரேடியோ. யார் குரலும் எனக்கு வரும். எதிர்வீட்டு அக்காவின் இருமல், அப்பாவின் தும்மல், பழைய கம்பெனியின் 'தயவுசெய்து காத்திருக்கவும்', அதற்குப் பின்னால் வரும் பாட்டு, எல்லாம் வரும். போன வாரம் எதிர்வீட்டு அக்காவின் ஃபோனை வாங்கி, கரகரத்த குரலில், "சர்வேயர் பேசறேன் சார், உங்க வாசல்லதான் நிக்கறேன்" என்றேன். அப்பா பாதி முகத்துக்குச் சவரம், பாதி முகத்துக்கு நுரை என்று வாசலில் பன்னிரண்டு நிமிடம் நின்றார். தெருவில் போன ஒருவரை வலுக்கட்டாயமாக உள்ளே அழைத்து வந்து ஓட்டையைக் காட்டினார். அவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்.

அன்றிலிருந்து அப்பா எந்த எண்ணையும் நம்புவதில்லை. "இனிமே என்னை ஏமாத்தறது நடக்காது," என்று நாளுக்கு மூன்று வேளை சொல்லிவந்தார். அம்மா மூன்று வேளையும் காதில் வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். ரகசியம் பேசப் போகிறவள் மாதிரி குனிந்து, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி கிசுகிசுத்தாள்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு, அந்தக் கம்பெனிப் பொண்ணு கூப்பிடறதுக்கு முன்னால, நீ அவ மாதிரி கூப்பிடு. மாடியிலேருந்து பேசு. உங்கப்பாவுக்குத் தெரியவே கூடாது."

"ஏம்மா இவ்வளவு சத்தமா..."

அம்மா கண்ணால் கதவைக் காட்டினாள். திரைச்சீலைக்கு அடியில் இரண்டு செருப்புகள். செருப்புகளுக்குள் இரண்டு கால்கள். கால்களுக்குச் சொந்தக்காரர் மூச்சுக்கூட விடவில்லை. அம்மா என் உள்ளங்கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். 'சனிக்கிழமை பதினோரு மணிக்கு நீ பட்டன் கடையில் இருக்க வேண்டும். வெள்ளை, நாலு துளை, மூன்று டஜன்.'

எனக்கு அந்த நிமிடமே சிரிப்பு வந்துவிட்டது. உங்களைத்தான் காக்க வைக்கிறேன்.

சனிக்கிழமை பின்பக்கமாக நழுவிப் போனேன். பட்டன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பதினொன்று அடித்திருந்தது. வாசல் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாடியில் என் அறைக் கதவு சாத்தியிருப்பது தெரிந்தது, உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தமும் கேட்டது. அம்மாவின் கைவேலை. ஃபோன் அடித்தது. தன் வெற்றியை அம்மாவும் கேட்கட்டும் என்று அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார். வீட்டு இன்சூரன்ஸ் விண்ணப்பம் சம்பந்தமா பேசறேன். இந்த உரையாடல் பதிவாகுது சார்."

"பதிவு பண்ணு. அப்புறம் போட்டுக் கேட்டுக் கத்துக்க."

"சார்?"

"குரலை இன்னும் கொஞ்சம் மூக்குக்குக் கொண்டு போம்மா. நிஜமான கம்பெனிப் பொண்ணு இவ்வளவு பொறுமையா பேச மாட்டா."

"சரிங்க சார். இது உங்க சொந்த வீடா?"

"பொறந்ததுலேருந்து இங்கதானே சாப்பிடறே. தெரியாதா?"

"ஆமா, இல்லைன்னு சொன்னா போதும் சார்."

"ஆமா."

"வீட்டுல எத்தனை பேர்?"

"நான், உங்கம்மா, நீ. உன் வாயைத் தனியா எண்ணினா நாலு."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம்.

"அடேங்கப்பா, டைப் அடிக்கற சத்தம்கூடவா. அது மட்டும் அசல்."

"நிலுவையில ஏதாவது க்ளெய்ம் இருக்கா சார்?"

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அன்றைக்கு அந்த நாற்காலி மூச்சு விட்டது அப்போதுதான்.

"இருக்கு. இருபத்தொன்பது நாளா இருக்கு. குழாய் உடைஞ்சு கூரையில ஓட்டை. இங்கேருந்து பாத்தா மாடி பக்கெட்டோட அடி தெரியுது. நிஜக் கம்பெனி கேட்டா இல்லைன்னுதான் சொல்லப் போறேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்றேன், வச்சுக்க."

மறுமுனையில் தட்டச்சு நின்றது.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கட்டுமா சார்?"

"எழுதிக்க. கையெழுத்தும் போடட்டுமா?"

"வேணாம் சார், குரலே போதும். இப்போதைக்கு எங்களால பாலிசி தர முடியாது. பழைய க்ளெய்ம் முடிஞ்சதும் கூப்பிடுங்க. அதுவரைக்கும் பழைய பாலிசியை ரத்து பண்ணிடாதீங்க. நடுவுல ஏதாவது ஆனா வீட்டுக்குப் பாதுகாப்பே இருக்காது."

அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "வார்த்தைக்கு வார்த்தை உங்கம்மா. எழுதிக் கொடுத்தாளா?"

அம்மா தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டே, "குடையைப் பத்திக் கேளுங்க," என்றாள்.

"ஆமா, என் குடை எங்க?"

"அது பாலிசி எடுக்கறவங்களுக்கு மட்டும் சார்."

"மாடியிலேருந்து இறங்கி வா, குடையாலேயே தர்றேன்."

அந்த நேரம் பார்த்து நான் வாசல் வழியாக உள்ளே வந்து, பட்டன் பொட்டலத்தை மெஷின் மேல் வைத்தேன். அப்பா என்னைப் பார்த்துப் பெருமையாகக் கண்ணடித்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது ஃபோன்.

என் வாய் மூடியிருந்தது. நன்றாகத் தெரியட்டும் என்று உதட்டை உள்ளே மடித்து மூடியிருந்தேன்.

அப்பா என் வாயைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார், அதற்கு ஓட்டை வசதியாக இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து, தலையிலிருந்த பையைக் கழற்றி உதறி, ஃபிரிட்ஜ் மேலிருந்த உறையை எடுத்து, கடிதத்தோடு சேர்த்து, சட்டைக் காலருக்கு அளவுக் காகிதமாக நிதானமாக வெட்ட ஆரம்பித்தாள்.

அப்பா ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கடைக்கு வரும் பெரிய மனிதர்களிடம் மட்டும் பேசும் குரலில் கேட்டார்:

"மேடம்... அப்ப நீங்க என் பொண்ணு இல்லையா?"