கினோவா உப்புமாவுக்கு ஒரு கிரேக்கச் சொல்

இனிமேல் கினோவா உப்புமாவைத் தொடுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கண்மணி பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

நான் ஈரோட்டுச் சந்தையில் அடிபட்டுப் பேரம் படித்தவன். இப்போது கலிபோர்னியா டப்ளினில் பழைய கார் வாங்கி விற்கிறேன். எதிராளி கோட்டு போட்டிருந்தாலும் எகிறிப் பேசி, விலையை இறக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவேன். வீட்டில்தான் என் பேரம் செல்லாது. டாக்டர் என் சர்க்கரையைப் பார்த்து முகம் சுளித்த நாளிலிருந்து, அரிசிக்குப் பதில் மூன்று வேளையும் கினோவா என்கிற தென்னமெரிக்கத் தானியம். புறாவுக்குப் போட்டால் அது விசா எடுத்து வேறு நாட்டுக்குப் போய்விடும்.

தின்பதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் நின்று கேட்பாள்: "ஏனுங்க, எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கு" என்றால் இன்னொரு கரண்டி விழும். "நல்லா இல்லை" என்றால் வீட்டில் போர். மூன்றாவதாக ஒரு பதில் இல்லாமல் தவித்தேன்.

பக்கத்து வீட்டு மகாதேவன் அங்கிள் ரிட்டயர் ஆனபின் பண்டைய கிரேக்கம் படிக்கிறார். அவரை அன்றே வேலியோரம் பிடித்தேன்.

"அங்கிள், சாப்பாட்டைப் பத்திச் சொல்லணும். பொய்யாவும் இருக்கப்படாது, உதையும் விழப்படாது. உங்க கிரேக்கத்துல அப்படி ஏதாச்சும் இருக்குதா?"

"ப்ரோசிமோஸ். உண்ணத்தக்கதுன்னு அர்த்தம். பழ மரத்துக்குக்கூடச் சொல்வாங்க."

"ருசியா இருக்குன்னு ஆயிடாதே?"

"ருசியைப் பத்தி அதுக்கு அக்கறையே இல்லப்பா. தின்னலாம். அவ்வளவுதான்."

அன்று மத்தியானமே அந்தச் சொல்லை இறக்கினேன்.

"எப்படி இருக்குது?"

"ப்ரோசிமோஸ்."

"அப்படின்னா?"

"பண்டைய கிரேக்கம் அம்மிணி. கண்ட சாப்பாட்டுக்கெல்லாம் சொல்லிர முடியாது."

முகம் மலர்ந்தாள். கரண்டி எழவில்லை. அந்த வாரம் முழுக்க அரை வயிற்று ராஜாவாகத் திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகாதேவனும் அவர் மனைவி யாமினியும் விருந்துக்கு வந்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு. காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கராஜுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து கார்ப்பெட்டே தேய்ந்திருக்கும். உட்கார்ந்தோம். எல்லார் தட்டிலும் கோழி. என் தட்டில் கினோவா.

"எனக்குக் கோழி?"

"அது கண்ட சாப்பாடுங்க. உங்க கிரேக்கத்துக்கு இதானுங்க பொருத்தம்." குனிந்து காதோடு சொன்னாள்: "யாமினி ஆன்ட்டி திங்கக்கிழமையே அர்த்தம் சொல்லிட்டாங்க."

யாமினி ஆன்ட்டி எலும்பைக் கவனமாகக் கடித்தார். அங்கிள் சீலிங் ஃபேனைப் படித்துக்கொண்டிருந்தார்.

கண்மணி நிமிர்ந்தாள். ஒரு கையில் கோழிக் குழம்பு, மறு கையில் கரண்டி. "எல்லாரும் கேக்கட்டும். எப்படி இருக்குதுங்க?"

குழம்பின் வாசம் மூக்கைத் துளைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் முழு விலை கொடுத்தேன்.

"ரொம்ப நல்லா இருக்கு கண்மணி."

குழம்பைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி கினோவா போட்டாள்.