கலாரசிகை கேட்ட நிப்பு மாலை

விடுமுறை நாள் மத்தியானம், தன் சொந்த வீட்டில், தன் சொந்தத் தட்டில், அந்த மனிதர் ஒரு நீலக் கண்ணாடி மணியைக் கடித்தார். கடித்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

"ஐயோ, பல்லு போச்சு!"

"மணி போச்சா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டாள்.

ஓடி வந்தவள் பல்லைப் பார்க்கவில்லை. மணியை வாங்கிக் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லவேளை, கீறல் இல்ல. காலையிலேருந்து இந்த ஒரு மணியைத்தான் தேடிட்டிருந்தேன்."

"என் பல்லு?"

"அது எங்கயும் போகலையே, வாயிலதானே இருக்கு!"

அந்த நிமிஷமே அவர் முடிவெடுத்துவிட்டார். இந்த நகைக் கடையை இழுத்து மூடாமல் ஓய்வதில்லை. ஜன்னலோர மேசையை மீட்காமல் விடுவதில்லை.

இங்கே அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழாய் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற அதிகாரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை கண்டுபிடிப்பார். அதற்குச் சம்பளமும் உண்டு. அங்கே எல்லோரும் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தன் துல்லியத்துக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துவிட்டுப் போகட்டும். இத்தனை துல்லியமான மனிதர் தினமும் மறக்கிற ஒரே பொருள் சாப்பாட்டு டப்பா. காலையில் மனைவி கையில் கொடுத்தனுப்புவாள், சாயந்தரம் வெறுங்கையோடு வருவார்.

மனைவி வீட்டிலிருந்தே நகை செய்து ஆன்லைனில் விற்கிறாள். பித்தளைக் கம்பியை வளைத்து, கண்ணாடி மணி கோத்து, கொக்கி மாட்டிப் படம் பிடித்துப் போடுவாள். யாராவது வாங்கினால் போன் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். அந்த 'டிங்' கேட்கும்போதெல்லாம் மில்லிமீட்டருக்கு உடம்பு எரியும்.

"கடையாம் கடை! கதவு இருக்கா, பூட்டு இருக்கா, பலகை இருக்கா? நாலு கம்பியை முறுக்கிட்டா நகையா? எங்க தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியில இதைவிட அழகா கிடக்கும்."

"அப்படியா? ஒரு பை எடுத்துட்டு வாங்களேன், வித்துப் பாக்கறேன்."

இப்படிப் பேசுகிறவளை என்ன செய்ய முடியும்? ஜன்னலோர மேசை முழுக்க டப்பா டப்பாவாக மணி, வளையம், குறடு, பிசின். செய்தித்தாள் விரிக்க ஒரு சாண் இடம் கிடையாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். உண்மையில் அவருக்கு அந்த மேசை சாப்பிடுவதற்குக்கூட வேண்டியதில்லை. அதன்மேல் அவருடைய பேனாக்களைப் பரப்பி வைக்க வேண்டும்.

ஆமாம், பேனா. மனிதர் பழைய மைப் பேனாக்களைச் சேர்த்து வைத்திருந்தார். கண்ணாடி அலமாரியில் வரிசையாக, ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் அவை படுத்திருக்கும். எழுதுவாரா என்றால், மூச்! கையெழுத்துப் போடுவதற்கு எங்கேயோ இலவசமாகக் கொடுத்த பால்பாயின்ட் பேனா. மூடியைத் திறந்தாலே காற்றுப் பட்டு நிப்பு கெட்டுவிடும் என்று ஒரு கொள்கை வேறு. விடுமுறை நாளில் கண்ணாடியைத் துடைப்பார், பார்ப்பார், பெருமூச்சு விடுவார், பூட்டுவார். சாவியைப் பழைய ஷூவுக்குள் ஒளித்து வைப்பார். அந்த ஷூவைத் துடைத்து வைப்பது யார் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

திட்டம் இதுதான். பொய்ப் பெயரில் ஒரு வாடிக்கையாளராக நுழைவது. உலகத்தில் யாராலும் செய்ய முடியாத ஒரு நகையைக் கேட்பது. அவள் முழிக்க, இவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு நாலு வார்த்தை காறித் துப்ப, அவள் மனம் உடைந்து கடையை மூட, மேசை தன்னைப்போல் கைக்கு வரும். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

பெயர், கலாரசிகை. படத்துக்கு ஒரு ரோஜாப்பூ. முகவரிக்குத் தொழிற்சாலைக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடை. இதில் துப்புத் துலக்க யாரால் முடியும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

எதைக் கேட்பது? உலகத்திலேயே கிடைப்பதற்கு அரிய பொருள் எது? ரொம்ப யோசித்தார். யோசித்து யோசித்து, தன் அலமாரியில் இருப்பதைவிட அரிய பொருள் வேறு இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அகம்பாவம் என்பது மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் பாருங்கள்.

'அம்மணி, நான் உலகம் சுற்றிய கலாரசிகை. எனக்குப் பழைய மைப் பேனா நிப்புகளால் ஆன மாலை வேண்டும். கடையில் விற்கும் புது நிப்பு கூடாது. ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது. இரண்டு நிப்புக்கு நடுவே பன்னிரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.'

முழுப் பணத்தையும் கட்டினார். செய்ய முடியாவிட்டால் திரும்பி வரத்தானே போகிறது?

சாயந்தரம் மனைவி போனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒரு அம்மா நிப்புல மாலை கேக்கறாங்க."

"நிப்புலயா? யாரு அவங்க? பெரிய இடமா இருக்கும்போலிருக்கே!"

"இருக்கும்."

"எழுதியிருக்கிறதைப் பாத்தா எப்படித் தெரியுது? அறிவாளி மாதிரி இருக்குமே?"

"இல்லீங்க. வேற வேலை இல்லாதவங்க மாதிரி இருக்கு."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "உன்னால முடியாது. முடியாதுன்னு எழுதிடு. அப்படி எழுதிட்டு அப்புறம் கடை நடத்தறது கேவலம், அதையும் யோசிச்சுக்கோ" என்றார்.

"பாக்கலாம். அந்தம்மாவுக்கு அளவு மேல எவ்வளவு அக்கறை பாருங்க! அரை மில்லிமீட்டர்கூட விடல."

"அதுதான் தரம்!" என்றார் மில்லிமீட்டர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அவர் தொழிற்சாலையில் குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் தாயையும் தகப்பனையும் திட்டிக்கொண்டிருந்தபோது கலாரசிகைக்கு ஒரு செய்தி வந்தது.

'மேடம், நீங்க கேட்ட மாதிரி நிப்பு என் வீட்டுக்காரர் அலமாரியில நிறைய இருக்கு. அவர் எழுதறதே இல்ல. எடுத்துக் கோத்துடட்டுமா?'

குழாய் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டே கலாரசிகை பதில் எழுதினாள்.

'வேண்டவே வேண்டாம்! கணவரின் பொருளைத் தொடுவது பெரும் பாவம். பேனா சேர்க்கிறவர் என்றால் அவர் உயர்ந்த ரசனையுள்ளவராகத்தான் இருப்பார். அப்படிப்பட்டவர் கணவராகக் கிடைத்ததற்கு நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அவருக்கு வீட்டில் நல்ல மேசை ஒன்று கொடுத்திருக்கிறீர்களா?'

'டிங்.' பதில் உடனே வந்தது.

'என் வீட்டுக்காரரைப் பத்தி இவ்வளவு நல்லதா இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல மேடம். உங்க நல்ல மனசுக்காகவே எப்படியாவது செஞ்சு குடுத்துடறேன்.'

எப்படியாவது என்றால் எப்படி? அன்று பாதி வேலையில் கிளம்பி, டப்பாவை வழக்கம்போல் மறந்துவிட்டு, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினார். நேரே அலமாரி. பூட்டு பூட்டியபடி இருந்தது. பேனாக்கள் வரிசை குலையாமல், சாய்வு மாறாமல், மூடி கழலாமல் படுத்திருந்தன. எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை.

"என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்க?"

"சும்மாதான். தலைவலி."

"அலமாரியைப் பாத்தா தலைவலி போயிடுமா?"

போய்த்தான் விட்டது. அப்புறம் தினமும் காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை அலமாரிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டார். மூடியை மட்டும் திறக்கவில்லை. காற்றுப் பட்டுவிடுமே!

நடுவில் ஒரு நாள் குளியலறையில் உட்கார்ந்துகொண்டு, 'மாலை என்னவாயிற்று? உங்களால் முடியாது என்று ஒப்புக்கொள்ளுங்கள்' என்று மிரட்டி ஒரு செய்தி அனுப்பினார். வெளியே 'டிங்' கேட்டது. கூடவே மனைவியின் குரலும் கேட்டது.

"ஏங்க, சீக்கிரம் வெளிய வாங்க. அந்தம்மா ரொம்ப அவசரப்படறாங்க!"

எவ்வளவு கள்ளமில்லாத பெண் என்று உள்ளே அவர் பரிதாபப்பட்டுக்கொண்டார்.

அந்த வாரமே பார்சல் வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் அதைக் கவுன்டரில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் கேட்டார்.

"யாரு சார் இந்தக் கலாரசிகை?"

"என் அத்தை."

"இங்க ஏன் வருது?"

"அத்தைக்குக் கண்ணு தெரியாது."

"கண்ணு தெரியாதவங்க எதை சார் ரசிக்கிறாங்க?"

பார்சலைப் பிடுங்கிக்கொண்டு அவர் தொழிற்சாலையில் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். ஏதோ தகரத்தை வெட்டி நிப்பு என்று அனுப்பியிருப்பாள். சிரித்துக்கொண்டே பிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

கழுத்தளவு வளைந்த மெல்லிய பித்தளைக் கம்பியில் நிப்புகள் தொங்கின. பொன்னிறத்தில் சில, வெள்ளியில் சில, நடுவில் மட்டும் வெண்மை ஓடிய சில. அந்த முனை மழுங்கியது, அவர் முதன்முதலில் வாங்கியது. அந்த அகலமானது, அதற்காக ஒரு கிழவரிடம் ஒரு வருஷம் கெஞ்சியிருந்தார். ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் அவருடையவை. பூட்டிய அலமாரிக்குள் இத்தனை நாளும் வெறும் மூடிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கத்த வாயைத் திறந்தார். யாரிடம் கத்துவது? என்னவென்று கத்துவது? 'என் நிப்பை எடுத்து எனக்கே ஏன் விற்றாய்' என்றா?

சரி, ஒற்றை நட்சத்திரமாவது போடலாம் என்று அளவுக் கருவியை எடுத்தார். ஒவ்வொரு இடைவெளியாக அளந்தார். பன்னிரண்டரை. பன்னிரண்டரை. பன்னிரண்டரை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீறல் தேடினார். நிப்பின் நடுவில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டையிலேயே வளையத்தை நுழைத்திருந்தாள். ஒரு நிப்பில்கூடக் குறட்டின் பல் படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மில்லிமீட்டருக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அழுகை வந்தது. மாலை அழகாக வேறு இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கணக்குப் பிரிவு அம்மாள் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"ஐயோ, எவ்வளவு நல்லா இருக்கு! வீட்ல இருக்கிறவங்களுக்கா சார்? எந்தக் கடை?"

"அது... வந்து... ஒரு சாதாரணக் கடை."

"சாதாரணமா! இங்க வாங்கடி எல்லாரும்!"

ஐந்து நிமிஷத்தில் அறை நிறைய ஆள். பெட்டிமேல் ஒட்டியிருந்த கடைப் பெயரை எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு ஜன்னலோர மேசையில் 'டிங் டிங்' என்று போன் கதறிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் பதறிப்போய் எழுதினார். 'மாலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.'

'சொல்லிச் செஞ்ச நகையைத் திருப்பி எடுக்கறதில்ல மேடம். கொடுத்ததைத் திருப்பி வாங்கறது ஒரு கடையான்னு என் வீட்டுக்காரர்தான் அன்னிக்குச் சத்தம் போட்டு இந்த விதியைப் போட வெச்சார்.'

போட்டிருந்தார். அப்போது ரொம்பக் கம்பீரமாக வேறு சொல்லியிருந்தார்.

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே இன்னொரு செய்தி வந்தது.

'ஆனா ஒரு விஷயம் மேடம். அந்த மனுஷன் இன்னும் மூடியைத் திறந்து பாக்கல. பாத்தா தாங்கமாட்டார், பாவம். நீங்க அஞ்சு நட்சத்திரம் போட்டு, கைவேலை செய்றவங்களுக்கு வீட்ல ஒரு மேசை அவசியம்னு நாலு வார்த்தை எழுதினா, விதியைக் கொஞ்சம் தளர்த்தி, அவருக்குத் தெரியாமலே நிப்பையெல்லாம் பழையபடி மாட்டி வெச்சுடறேன்.'

மில்லிமீட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் அவளுக்கு எதுவும் தெரியாது! மானமும் தப்பியது, நிப்பும் தப்பியது! சந்தோஷத்தில் அவசர அவசரமாக ஐந்து நட்சத்திரம் போட்டார். 'இத்தகைய கலைஞருக்கு ஜன்னலோர மேசையை விட்டுக்கொடுக்காத கணவன் ஒரு மனிதனே அல்ல' என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதினார். ஊரே படிக்கும்படி எழுதினார். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டுக் கேட்டார்.

'மாலையை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், அம்மணி?'

'டிங்.'

'அனுப்பவெல்லாம் வேண்டாங்க. சாயந்தரம் வரும்போது சாப்பாட்டு டப்பாவுக்குள்ள வெச்சு எடுத்துட்டு வாங்க. இன்னிக்காவது டப்பாவை மறந்துடாதீங்க.'