நீர் ஊறாத மூன்று இறகுகள்

மஞ்சுப்பட்டணம் என்று ஒரு நாடு இருந்தது. வருடத்தில் எட்டு மாதம் அங்கே மூடுபனி. நாட்டின் நடுவில் பெரிய ஏரி. பனி இறங்கிவிட்டால் தண்ணீர் எது, வானம் எது என்று படகுக்காரனுக்கே பிடிபடாது. எதிர்க்கரையிலிருந்து உப்பும் நெல்லும் ஏற்றிவரும் படகுகள் பனிக்குள் திக்குத் தெரியாமல் நின்று சங்கு ஊதும். அந்தச் சத்தம் வரும் பக்கமாகக் கரையிலிருந்து ஒரு வில்லாளி அம்பு விடுவான். அம்பின் வாலில் மெல்லிய பட்டுநூல் கட்டியிருக்கும். படகுக்காரன் நூலைப் பிடித்து இழுத்தால் அதன் பின்னால் கயிறு வரும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகு கரை சேரும். அம்பால் ஆளைக் கொல்லலாம் என்று அந்த நாட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. அவ்வளவு பின்தங்கிய நாடு.

அம்புகளுக்கு இறகு தயாரித்தவள் குயிலாயி. காட்டு வாத்துகள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி வந்து, வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒரே ஒரு முறை அலசுவாள். காம்பிலிருந்து நுனிவரை விரலால் நீவி நிழலில் உலர்த்துவாள். பானை ஆவியில் காட்டினால், ஒட்டிக்கிடந்த இழைகள் தூக்கம் கலைந்ததுபோல் மெல்ல விரியும். பிறகு காம்பைப் பிளந்து, சீவி, அம்புக்கு மூன்றாகப் பிசின் வைத்து ஒட்டுவாள்.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. இறகின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள். சொட்டு உருண்டு ஓடினால் நல்ல இறகு. சேறு போய்விட்டது, வாத்தின் எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம். அந்த எண்ணெய் இருக்கும்வரை பனி இறகை நனைக்காது. நனையாத அம்பு வெகுதூரம் போகும்.

மஞ்சுப்பட்டணத்தில் மகாராஜாவைத் தேர்தலில்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுக்கொரு இறகைப் பானையில் போட வேண்டும். விமலவர்மர் போட்டியிட்டபோது மற்றவர்களைப்போல் ஆடு தருகிறேன், அரிசி தருகிறேன் என்று சொல்லவில்லை. அழுக்கில்லாத அம்பு தருகிறேன் என்றார். அம்பில் அழுக்கு இருக்கிறது என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்தபின் எல்லோருக்கும் அருவருப்பாகிவிட்டது. பானை நிரம்பி வழிந்தது. குயிலாயியும் அவருக்குத்தான் போட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மேடையில் அவருடைய அங்கவஸ்திரம் அத்தனை வெளுப்பாக இருந்தது.

பட்டம் சூட்டிய மறுவாரமே தூய்மை மந்திரி அனந்தப்பர் குயிலாயியின் கொட்டகைக்கு வந்தார். ஓர் இறகை எடுத்துத் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன பிசுக்கு?"

"வாத்தோட எண்ணெய்ங்கய்யா. அது இருந்தாத்தான் பனி ஒட்டாது."

"வாத்தின் எண்ணெய் வாத்திடம் இருக்கட்டும். அரசாங்க அம்பில் அதற்கு என்ன வேலை?"

சட்டம் வந்தது. இனி ஒவ்வோர் இறகையும் சாம்பல் காரநீரில் ஏழு முறை கொதிக்கவைக்க வேண்டும். சொட்டுச் சோதனையை அப்படியே வைத்துக்கொண்டு முடிவை மட்டும் திருப்பிவிட்டார்கள். சொட்டு ஊறினால் சுத்தம், உருண்டால் அழுக்கு. அதைப் பார்க்கவே பித்தளைச் செம்பும் கையுமாக ஓர் ஆய்வாளர் தினமும் வந்தார். இறகுகள் வெள்ளைவெளேரென்று ஆயின. பார்க்க அழகாகத்தான் இருந்தன.

முதல் பனியிலேயே அம்புகள் நாற்பது முழம் போய் ஈரத்துணிபோல் தொப்பென்று விழுந்தன. அன்று ஒரு படகு திரும்பவில்லை. மந்திரிசபை கூடி ஆராய்ந்து, படகுகள் இனி நாற்பது முழத்துக்குள்ளேயே வழிதவற வேண்டும் என்று உத்தரவிட்டது. படகுக்காரர்களுக்குக் கட்டுப்பாடு போதவில்லை போலும். மேலும் நான்கு படகுகள் தொலைந்தன. விடிந்தும் விடியாத வேளையில் பனிக்குள்ளிருந்து சங்கு கேட்டுக்கொண்டே இருந்தது. அது மக்களின் மனவுறுதியைக் கெடுக்கிறது என்று மகாராஜாவின் படகைத் தவிர மற்ற படகுகளில் சங்கைத் தடை செய்தார்கள். ஏரி அமைதியானது. வெண்ணிற அம்புகள் தண்ணீரில் பூப்பூவாக மிதந்தன. ஊரார் உப்பில்லாத கஞ்சி குடித்துவிட்டுக் கரையில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள்.

எண்ணெய் இறகு வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் வந்த அன்று குயிலாயி மூன்று இறகுகளைக் கொண்டைக்குள் செருகி முடிந்துகொண்டாள். அவள் கணவன் சடையன் உப்புப் படகோடு எதிர்க்கரை போயிருந்தான். எட்டுப் பேரோடு போனவன், மூன்று நாளாகியும் வரவில்லை. அவள் தினமும் கரைக்கு வந்து நின்றாள்.

நான்காம் நாள் காலை தூய்மைப் பெருவிழா. ஏரியையும் தூய்மையானதாக அறிவிக்க மகாராஜா படகில் போனார். அறிவித்து முடிப்பதற்குள் பனி இறங்கிவிட்டது. சற்று நேரத்தில் அரச சங்கு முழங்கியது. வில்லாளி வீரணன் சுத்தம் என்று முத்திரையிட்ட அம்புகளாக எடுத்து விட்டுக்கொண்டே இருந்தான். எல்லாம் நாற்பது முழம்.

அப்போது இன்னொரு பக்கமிருந்து பலகையைத் தட்டும் சத்தம் வந்தது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. வீட்டுக் கதவைச் சடையன் அப்படித்தான் தட்டுவான். குயிலாயி கொண்டையை அவிழ்த்தாள். கரையிலேயே உட்கார்ந்து ஓர் அம்பில் மூன்று இறகையும் ஒட்டிக் கட்டினாள். அனந்தப்பர் ஆய்வாளரிடமிருந்து செம்பை வாங்கித் தாமே சொட்டு விட்டார். அது உருண்டு ஓடியது.

"ஐயா, இருக்கறது இந்த ஒரு அம்புதான். ராசா படகுக்கு விடலாங்களா?"

"அழுக்கு அம்பு அரசப் படகைத் தொடுவதா? அது ராஜத்துரோகம்."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு விட்டுக்கறேனுங்க."

சட்டத்தில் அதற்கு என்ன விதி என்று மந்திரி ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே வீரணன் நாணை இழுத்துவிட்டான். அம்பு பனியைக் கிழித்துப் போய் மறைந்தது. நூல் ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு இறுகியது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். ஒன்பது பேரும் வந்தார்கள். குயிலாயி சடையனின் குளிர்ந்த கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு அந்த அம்பைத் துடைத்து மந்திரியிடம் எடுத்துப் போனாள். மகாராஜாவும் ஒருத்தியின் கணவர்தானே என்று நினைத்திருக்கலாம். அதற்குள் பனிக்குள்ளிருந்தே மகாராஜாவின் குரல் வந்தது. "எந்த அம்பா இருந்தாலும் பரவாயில்ல, விடுங்கய்யா. அந்தச் சட்டம் ரத்து!"

அனந்தப்பர் கைகூப்பி வணங்கினார். ரத்து ஆணைக்கு அரச முத்திரை வேண்டும் என்றார். முத்திரை மகாராஜாவின் இடுப்பில் இருந்தது. அம்பு சாட்சிப் பொருளாகக் கைப்பற்றப்பட்டது.

அதற்குப் பின் மஞ்சுப்பட்டணத்துப் பெண்களின் கொண்டைகள் பெருத்துவிட்டன. மந்திரி இல்லாத நேரம் பார்த்துப் படகுகள் கரை சேர்கின்றன, கஞ்சியில் உப்பு இருக்கிறது. அரசப் படகுக்கு மட்டும் முத்திரையிட்ட அம்புகளே தினமும் போகின்றன. அனந்தப்பர் விடியலில் எழுத்தரோடு கரைக்கு வந்து செவிசாய்ப்பார். பனிக்குள்ளிருந்து அந்தக் குரல், நாளுக்கு நாள் மெலிந்து, சட்டம் ரத்து, சட்டம் ரத்து என்று கூப்பிடும்.

ஒருநாள் எழுத்தர் தயங்கித் தயங்கி, இதை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"எழுது," என்றார் அனந்தப்பர். "மகாராஜா நலமாக இருக்கிறார்."